ஆன்லைன் கேமுக்கு ஃபயர்வாலைத் திறப்பது: எதை, எங்கே, எவ்வளவு

கேமில் ரூம் போட்டாயிற்று. நண்பன் நீங்கள் கொடுத்த ஐபி முகவரியை அடித்துவிட்டுக் காத்திருக்கிறான். அவன் திரையில் ‘கனெக்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை நிமிடம் போனதும் ‘கனெக்ஷன் டைம்ட் அவுட்’. இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாரேன்.”

ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டருக்குள் எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்காரன். அதையே ஆஃப் செய்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் யோசனை. ஆஃப் செய்தால் சில சமயம் கேம் ஓடிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஓடிவிட்டது என்ற சந்தோஷத்தில் திரும்ப ஆன் செய்ய மறந்துவிடுவோம். திறக்க வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு நிரலுக்கான ஒரே ஒரு வழிதான். அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் பத்து நிமிட வேலை. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மெனுக்களின் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தருகிறேன்.

முதலில், குற்றவாளி ஃபயர்வால்தானா?

விண்டோஸ் ஃபயர்வால் 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து தானாகவே ஆன் ஆகித்தான் வருகிறது. அதன் இயல்பான நடத்தை எளிமையானது. உங்கள் கம்ப்யூட்டர் வெளியே போய் யாரிடமாவது பேச்சைத் தொடங்கினால் விட்டுவிடும், அதற்கு வரும் பதிலையும் உள்ளே விடும். நீங்கள் கூப்பிடாமலே வெளியிலிருந்து யாராவது வந்து தட்டினால் மட்டும் தடுக்கும். தடுத்தேன் என்று பதிலும் சொல்லாது. அதனால்தான் நண்பனுக்கு ‘முடியாது’ என்று வராமல், அரை நிமிடம் மௌனமும் கடைசியில் ‘டைம்ட் அவுட்’டும் வருகிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். கேம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய் விளையாடும் கேம்களுக்கு, அதாவது இன்று பெரும்பாலானவற்றுக்கு, நீங்கள் எதையும் திறக்க வேண்டியதே இல்லை. பேச்சைத் தொடங்குவது நீங்கள்தான். ஃபயர்வால் உண்மையிலேயே குறுக்கே வருவது மூன்று இடங்களில்: உங்கள் கம்ப்யூட்டரிலேயே சர்வர் ஓட்டி மற்றவர்களை உள்ளே அழைக்கும்போது, வீட்டுக்குள் ஒரே வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஆடும்போது, நடுவில் சர்வர் இல்லாமல் ஆட்டக்காரர்களின் மெஷின்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் கேம்களில். வாய்ஸ் சாட் மட்டும் கேட்காமல் போவது இந்த மூன்றாவது வகையில் அடிக்கடி நடக்கும்.

பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட்) 200-ஐத் தாண்டுகிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் இந்தக் கட்டுரை உதவாது. போர்ட்டை, அதாவது நிரலின் பேச்சு வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, திறந்தால் பிங் குறையும் என்று சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம்.

பிழைச் செய்தியையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ‘வெர்ஷன் பொருந்தவில்லை’ என்ற பொருளில் ஏதாவது வந்தால், நண்பனின் கம்ப்யூட்டர் உங்கள் சர்வரோடு பேசி முடித்துவிட்டது என்று அர்த்தம். ஃபயர்வாலைத் தொடாமல் கேமை அப்டேட் செய்யுங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால் எதிர்முனையில் ஏதோ ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. பாதி நேரம் அங்கே முகவரியோ போர்ட் எண்ணோ தப்பாக இருக்கும், இல்லையென்றால் சர்வரே ஓடிக்கொண்டிருக்காது.

கேன்சல் என்ற பட்டனின் கதை

அக்கா மகன் மைன்கிராஃப்டில் ஒரு உலகம் கட்டி, தங்கையையும் அதில் சேர்க்கப் பார்த்தான். ஒரே வீடு, ஒரே வைஃபை. சேரவில்லை. நான் போய் உட்கார்ந்து 25565 போர்ட்டைத் திறந்தேன். சேரவில்லை. டிசிபி, யுடிபி என்று தரவு அனுப்பும் இரண்டு முறைகளுக்கும் திறந்தேன். பெயரை மாற்றி இன்னொரு ரூல் (இதை விடு, இதைத் தடு என்று ஃபயர்வாலுக்குச் சொல்லும் விதி) போட்டேன். இரண்டு மாலை இப்படியே போனது. மூன்றாம் நாள் ரூல்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ‘ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி’ என்ற பெயரில் இரண்டு வரிகள், இரண்டிலும் சிவப்புத் தடைக் குறி.

நடந்தது இதுதான். சர்வர் வேலை செய்யும் நிரல் ஒன்று முதல் முறை ஓடும்போது, இதை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிக் கேட்கும். கேம் முழுத்திரையில் ஓடுவதால் அது பின்னால் ஒளிந்துகொள்ளும். கேமை விட்டு வெளியே வரும்போது யாரோ அவசரத்தில் கேன்சல் அடித்திருப்பார்கள். கேன்சல் என்றால் ‘இப்போது வேண்டாம், அப்புறம் கேள்’ என்று நாம் நினைக்கிறோம். விண்டோஸோ அதை ‘எப்போதும் தடு’ என்று எடுத்துக்கொண்டு, டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று இரண்டு தடை ரூல்களை எழுதிவிடும். அட்மின் உரிமை இல்லாத கணக்கில் விளையாடினால் பெட்டிகூட வராது, பெரும்பாலும் தடை ரூல் மட்டும் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்: அனுமதி ரூலும் தடை ரூலும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். அதனால் தடை ரூல் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் நூறு அனுமதி ரூல் போட்டாலும் பயனில்லை. ஆகவே புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், பழைய தடையை நீக்குங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். பெயரைப் பாதி அடித்தாலே வந்துவிடும்.
2. எதையும் தொடுமுன் வலது ஓரத்தில் உள்ள ‘எக்ஸ்போர்ட் பாலிசி’யை அழுத்தி, இப்போதுள்ள நிலையை ஒரு ஃபைலாகச் சேமித்துவிடுங்கள். குழப்பம் ஆனால் ‘இம்போர்ட் பாலிசி’ செய்து பழைய நிலைக்கு வந்துவிடலாம்.
3. இடது பக்கம் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ (உள்ளே வருவதற்கான ரூல்கள்) என்பதைக் கிளிக் செய்யுங்கள். பட்டியல் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.
4. ‘ஆக்‌ஷன்’ என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் ‘பிளாக்’ எல்லாம் ஒன்றாகத் திரளும். பச்சை டிக் இருந்தால் அனுமதி, சிவப்புத் தடைக் குறி இருந்தால் தடை, மங்கலாக இருந்தால் செயல்பாட்டில் இல்லாத ரூல்.
5. உங்கள் கேமின் பெயரிலோ, அது ஓடும் நிரலின் பெயரிலோ உள்ள தடை ரூல்கள் இரண்டையும் ரைட் கிளிக் செய்து டிலீட் செய்யுங்கள்.

நிரலின் பெயர் என்று சொன்னதைக் கவனியுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் தன் பெயரில் பட்டியலில் வராது. அதை ஓட்டும் ஜாவாவின் பெயரில்தான் வரும். நான் பார்த்த ‘ஓபன்ஜேடிகே’ அந்த ஜாவாதான். கேம் பெயரைத் தேடிவிட்டு ‘தடை எதுவும் இல்லையே’ என்று நான் விட்டுவிட்டதால்தான் அந்த இரண்டு மாலையும் வீணாயின.

இதை முடித்துவிட்டு கேமை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அனுமதி கேட்கும் பெட்டி மீண்டும் வந்தால் ‘அலவ்’ கொடுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பப்ளிக்கா, பிரைவேட்டா?

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. பப்ளிக் என்றால் சுற்றிலும் அந்நியர்கள், பிரைவேட் என்றால் சொந்த வீடு. ஒரு ரூல் பிரைவேட்டுக்கு மட்டும் எழுதப்பட்டு, உங்கள் வைஃபை பப்ளிக் என்று பதிவாகியிருந்தால், ரூல் இருந்தும் இல்லாததுபோல்தான். புதிதாக இணைக்கும் வைஃபையை விண்டோஸ் பெரும்பாலும் பப்ளிக் என்றே வைக்கும். ரவுட்டரை மாற்றியபின் ‘நேற்றுவரை ஓடியதே’ என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ போய், நீங்கள் இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் இரண்டு வட்டங்கள் இருக்கும். சொந்த வீடு என்றால் பிரைவேட் வையுங்கள். விடுதி, ஹோட்டல் வைஃபை என்றால் பப்ளிக்கையே விட்டுவிடுங்கள். அங்கிருந்து சர்வர் ஓட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

அப்படியே ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ஃபயர்வால் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும், அனுமதிப் பட்டியலில் உள்ளவை உட்பட, தடுக்கும் ஒரு டிக் பெட்டி ஒவ்வொரு நெட்வொர்க் வகையின் கீழும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் எழுதும் எந்த அனுமதி ரூலுக்கும் மதிப்பில்லை.

ரூல் எழுதுவது

கேம் தானாகப் பெட்டி காட்டி அனுமதி கேட்கவில்லை என்றால் கையால் எழுதலாம். இதில் இரண்டு வழி உண்டு: நிரலுக்கு அனுமதி, போர்ட்டுக்கு அனுமதி. என் ஓட்டு நிரலுக்குத்தான். போர்ட்டைத் திறந்தால் அந்த எண்ணில் எந்த நிரல் காது கொடுத்தாலும் வெளியாள் பேசலாம். நிரலுக்கு அனுமதி கொடுத்தால், அந்த நிரல் ஓடும்போது மட்டுமே வழி திறந்திருக்கும். கேமை மூடியதும் கதவு தானே சாத்திக்கொள்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மைன்கிராஃப்டில் ‘ஓபன் டு லேன்’ கொடுத்தால், சாட்டில் ஐந்து இலக்க எண் ஒன்று வரும். நீங்களாக எண்ணைக் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண். 25565-ஐ மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? தனி சர்வர் நிரல்தான் 25565-இல் உட்காரும். வீட்டுக்குள் பகிரும் ஆட்டம் அங்கே உட்காருவதில்லை.

சரி, செய்முறை:

1. அதே இன்பவுண்ட் ரூல்ஸ் பக்கத்தில், வலது மேல் ஓரம் ‘நியூ ரூல்’.
2. ‘புரோகிராம்’ தேர்ந்தெடுத்து, பிரவுஸ் செய்து கேமின் இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டுங்கள். லாஞ்சரைக் காட்டிவிடாதீர்கள். லாஞ்சர் கேமைத் தொடங்கிவைக்கும், விளையாட்டின் பேச்சுவார்த்தையை நடத்துவது வேறு ஃபைல். எது என்று தெரியாவிட்டால் கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா என்றால், ஜாவா என்ற பெயரின் கடைசியில் ஒரு டபிள்யூ ஒட்டிக்கொண்ட ஃபைல் அது.
3. ‘அலவ் த கனெக்ஷன்’.
4. டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று டிக் கேட்கும். பிரைவேட் மட்டும் போதும்.
5. பெயர் வைக்கும்போது கேமின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ‘டெஸ்ட் 2’ என்ற ரூலைப் பார்த்து விழிக்கும் நிலை வராது.

வீட்டுக்குள் மட்டும் விளையாடுபவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். எழுதிய ரூலைத் திறந்து ‘ஸ்கோப்’ பகுதியில், ரிமோட் முகவரிக்கு ‘லோக்கல் சப்நெட்’ என்று வைத்தால், உங்கள் வைஃபையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த ரூல் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை: இந்த ரூல் ஃபைலின் இருப்பிடத்தோடு கட்டப்பட்டது. கேமை வேறு டிரைவுக்கு நகர்த்தினாலோ, அப்டேட்டில் ஃபோல்டர் பெயர் மாறினாலோ ரூல் பழைய விலாசத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று யாரும் சேர முடியவில்லை என்றால் ரூலில் உள்ள பாதையைச் சரிபாருங்கள்.

போர்ட் எண்தான் வேண்டும் என்ற நிலையும் வரும், குறிப்பாக ரவுட்டரில். கேம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எண்கள் சில: மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் டிசிபி 25565, மைன்கிராஃப்டின் இன்னொரு பதிப்பான பெட்ராக் யுடிபி 19132, டெராரியா டிசிபி 7777, ஃபேக்டோரியோ யுடிபி 34197, வால்ஹெய்ம் யுடிபி 2456, 2457, சோர்ஸ் எஞ்சின் கேம்களின் சர்வர் யுடிபி 27015, எக்ஸ்பாக்ஸ் நெட்வொர்க் 3074. எண் சரியாக இருந்து டிசிபிக்குப் பதில் யுடிபி என்று போட்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்பது டிசிபி. வீசிவிட்டு அடுத்ததைப் பார்ப்பது யுடிபி. நொடிக்கு நொடி நிலைமை மாறும் கேம்களுக்கு ரசீதுக்குக் காத்திருக்க நேரமில்லை, அதனால்தான் பல கேம்கள் யுடிபியை விரும்புகின்றன.

1 முதல் 65535 வரை எல்லாவற்றையும் திற என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஃபைல் பகிர்வுக்கான 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

திறந்ததா என்று பார்ப்பது

பலர் நேராக ஏதாவது போர்ட் சோதனைத் தளத்துக்குப் போகிறார்கள். அவற்றில் பல டிசிபியை மட்டுமே சோதிக்கும். தவிர, சர்வர் ஓடாத நேரத்தில் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் ‘மூடியிருக்கிறது’ என்றுதான் வரும். அதைவிட நல்ல கருவி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

கேம் சர்வரை ஓடவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறங்கள். ‘நெட்வொர்க்’ பக்கத்தில் கீழே ‘லிசனிங் போர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல். உங்கள் நிரல் எந்தப் போர்ட்டில், டிசிபியா யுடிபியா என்று அதில் தெரியும். அதன் கடைசி நெடுவரிசை ‘ஃபயர்வால் ஸ்டேட்டஸ்’. அங்கே ‘அலவ்டு, நாட் ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருந்தால் விண்டோஸ் பக்கம் வேலை முடிந்தது. ‘நாட் அலவ்டு’ என்றால் மேலே சொன்ன தடை ரூலையும் பப்ளிக் முத்திரையையும் மறுபடி பாருங்கள். நிரலே பட்டியலில் இல்லை என்றால் சர்வர் ஓடவில்லை, அப்போது ஃபயர்வாலைத் திட்டிப் பயனில்லை.

ரவுட்டர் என்ற இரண்டாவது வாசல்

வீட்டுக்குள் விளையாடுவதற்கு இதுவரை சொன்னது போதும். வெளியூர் நண்பர் வர வேண்டும் என்றால் அவர் தட்டுவது முதலில் ரவுட்டரின் கதவைத்தான். அதற்கு உள்ளே நான்கைந்து கருவிகள் இருக்கின்றன, வந்தவரை யாரிடம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

பிரவுசரில் அடித்துத் திறக்கும் ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. முகவரியும் பாஸ்வேர்டும் அதன் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போய் முதலில் உங்கள் கம்ப்யூட்டருக்கு நிலையான உள் முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘டிஹெச்சிபி ரிசர்வேஷன்’ என்ற பெயரில் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் இன்று 192.168.1.20 ஆக இருப்பது நாளை 192.168.1.23 ஆகிவிடும், வழி தப்பான மெஷினுக்குப் போகும். அப்புறம் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ அல்லது ‘விர்ச்சுவல் சர்வர்’ பக்கத்தில் வெளிப் போர்ட், உள் போர்ட், உள் முகவரி, டிசிபியா யுடிபியா என்ற நான்கையும் நிரப்பிச் சேமியுங்கள்.

சோதிக்கும்போது உங்கள் வெளி ஐபி முகவரியை உங்கள் வீட்டு வைஃபையிலிருந்தே அடித்துப் பார்க்காதீர்கள். பல ரவுட்டர்கள் அப்படிச் சுற்றி வருவதை அனுமதிப்பதில்லை. நண்பரை முயலச் சொல்லுங்கள்.

‘டிஎம்இசட்’ என்ற வசதியில் உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். வந்து தட்டும் எல்லாரையும் ஒரே கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்பதுதான் அதன் பொருள். வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லையா? ரவுட்டரின் முதல் பக்கத்தில் ‘வான் ஐபி’ (ரவுட்டரின் இணையப் பக்க முகவரி) என்று இருப்பதையும், ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். உங்கள் ரவுட்டருக்கும் மேலே உள்ள அந்தக் கதவு உங்கள் கையில் இல்லை, எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இராது. நிறுவனத்திடம் தனி வெளி முகவரி கேட்டுப் பார்க்கலாம். அல்லது டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற நிரல் ஒன்றை இரு பக்கமும் போட்டு, இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் இணைக்கலாம். வாரம் ஒருமுறை நான்கு பேர் ஆடுவதற்கு எனக்கு இதுதான் பிடித்த வழி. ரவுட்டரைத் தொடவே வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தப் புதிய இணைப்பை விண்டோஸ் பப்ளிக் என்று பதிவு செய்திருந்தால், பிரைவேட்டுக்கு எழுதிய ரூல் இங்கே செல்லாது.

மற்றவர்களுக்கு

தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள் வேறொரு ஃபயர்வால் இருந்து, விண்டோஸின் இடத்தை அது பிடித்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பக்கத்தில் அதன் பெயர் தெரிந்தால், நிரலை அனுமதிக்கும் வேலையை அங்கே செய்யுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஃபயர்வால் என்று போனால் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே நிரல்வாரியான பட்டியல் இருக்கிறது. அங்கே போர்ட் எண்ணே கேட்காது. உபுண்டுவில் ஃபயர்வால் தொடக்கத்தில் ஆஃப் நிலையில்தான் இருக்கும். நீங்களாக ஆன் செய்திருந்தால் மட்டுமே கவலை.

சர்வர் ஓட்டுவதை நிறுத்தியபின், எழுதிய ரூலை ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள் ரூல்’ கொடுங்கள். டிலீட் செய்யத் தேவையில்லை, அடுத்த விடுமுறைக்கு ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். ரவுட்டரில் போட்ட ஃபார்வர்டிங்கையும் அதே கையோடு எடுத்துவிடுங்கள். அக்கா மகனின் ரவுட்டரில் போன மாதம் பார்த்தேன், எப்போதோ விட்டுவிட்ட மூன்று கேம்களின் போர்ட்கள் இன்னும் திறந்திருந்தன. அதில் ஒன்று, இப்போது பிரின்டருக்குப் போயிருக்கும் உள் முகவரிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.